கம்ப்யூட்டர்ல இருக்கிற பொண்ணு

தேனியில் யாரையாவது நிறுத்தி, "உங்க பொண்ணு என்ன பண்ணுது?" என்று கேட்டால் ஒரு காலத்தில் மூன்று பதில்தான் வரும். படிக்குது. டீச்சரா இருக்கு. கட்டிக் குடுத்தாச்சு. இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது: கம்ப்யூட்டர்ல இருக்கு. மாவு டப்பாவுக்குள் கரப்பான்பூச்சி இருக்கிற மாதிரி ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருந்தார்கள். எந்தக் கம்ப்யூட்டர், உள்ளே என்ன சோலி என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் தனக்கு ஒன்றும் தெரியாதது வெளியே வந்துவிடும். எங்கள் அப்பா என்னைப் பற்றி ஊருக்குச் சொல்லிவந்ததும் இந்த நாலாவது பதிலைத்தான்.

நிஜத்தில் நான் செய்துகொண்டிருந்தது ஊர் சுற்றுவது. மதுரையிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகையின் இணைப்பில் பயணக் கட்டுரை எழுதினேன். அந்த இணைப்பின் ஆசிரியருக்கு 'எழில் கொஞ்சும்' என்ற இரண்டு சொற்கள்மேல் தீராத காதல். நான் எழுதாவிட்டால் அவரே சேர்த்துவிடுவார். எழில் கொஞ்சும் வீரபாண்டி. எழில் கொஞ்சும் மேகமலை. ஒரு தடவை எழில் கொஞ்சும் மாட்டுச் சந்தை. அதைப் படித்துவிட்டு மாட்டு வியாபாரி ஒருவர் எனக்குப் போன் போட்டு, "நக்கலா?" என்று கேட்டார்.

மேகமலைக்குப் போகிறவர்கள் மேகத்தைப் பார்த்ததாகத்தான் வந்து சொல்வார்கள். வளைவுக்கு வளைவு அவர்கள் பார்த்தது முன் சீட்டுக்காரர் வாந்தி எடுப்பதை. நான் அதை எழுதினேன். ஆசிரியர் வெட்டினார். வெட்டியதையெல்லாம் சேர்த்துப் போட ஒரு இடம் வேண்டியிருந்ததால் வலைப்பூ ஆரம்பித்தேன். தேனி பஜாரில் மாடிப்படிக்கு அடியில் ஒரு பிரவுசிங் சென்டர். பச்சைத் திரை போட்ட தடுப்புக்குள் உட்கார்ந்து, எழுத்து அழிந்துபோன விசைப்பலகையில் தட்டித் தட்டி எழுதுவேன். பக்கத்துத் தடுப்பில் யாராவது துபாய்க்காரனிடம் சத்தமாக அழுதுகொண்டிருப்பார்கள். என் பதிவுகளுக்குப் பின்னூட்டம் போட உலகெங்கும் ஆள் இருந்தது. பாதிப் பேர் பெயர் சொல்லாத அனானிகள். அதில் ஒரு அனானி எந்தப் பதிவுக்கும் ஒரே பின்னூட்டம்தான் போடுவார்: "நல்ல பையனாப் பாத்துக் கல்யாணம் பண்ணு சகோதரி."

வலைப்பூவுக்கு நான் வைத்த பெயர் 'ஊர் சுத்துறவ'. இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆம்பளை ஒருவன் சும்மா இருந்தால் 'வெட்டியா ஊர் சுத்துறான்' என்பார்கள். பெண்ணாக இருந்தால் அந்த 'வெட்டியா' கூடத் தேவையில்லை. 'ஊர் சுத்துறா' என்று சொல்லி நிறுத்திவிட்டால் போதும், மிச்சத்தைக் கேட்கிறவர்களே நிரப்பிக்கொள்வார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதற்காகவே அதைப் பெயராக வைத்தேன்.

அப்பாவிடம் சொன்னபோது பம்புசெட் வாஷர்களை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். கம்பம் ரோட்டில் அவருக்கு மோட்டார், பம்புசெட் சாமான் கடை. "ஏன் ஆத்தா, வேற பேரே கிடைக்கலயா?" என்றார்.

"உண்மைதானப்பா."

"உண்மைன்னா அத எதுக்குப் போர்டு எழுதி மாட்டணும்?"

அதோடு சரி. கடைக்கு வருகிறவர்களிடம் நான் கம்ப்யூட்டர்ல இருந்துகொண்டே இருந்தேன். முதலில் வெறும் கம்ப்யூட்டர். அப்புறம் கம்ப்யூட்டர் கம்பெனி. அப்புறம் பெரிய கம்பெனி. நான் பதவி உயர்வு வாங்கிய விஷயமெல்லாம் கடையில் யாராவது வாழ்த்தினால்தான் எனக்கே தெரியும்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் கம்பத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. திராட்சைத் தோட்டம் உள்ள குடும்பம். மாப்பிள்ளை உரக்கடை வைத்திருந்தார். போட்டோவில் நல்லவராகத்தான் தெரிந்தார். ஸ்டூடியோவில் தலை சீவி உட்காரவைத்தால் யாரும் நல்லவர்தான். சம்பந்தம் கொண்டுவந்த உறவுக்காரர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு கம்ப்யூட்டர் வேலைக்கெல்லாம் போக வேணாம்னு சொன்னாக. வீட்டோட இருந்தாப் போதும்னு சொன்னாக. எவ்வளவு பெரிய மனசு பாருங்க."

அம்மா கண் கலங்கினாள், சந்தோஷத்தில். வீட்டோடு இருப்பதென்றால் என்னவென்று எனக்குத் தெரியும். தோட்டத்துக்கு ஒரு தடவை, கோயிலுக்கு ஒரு தடவை, தீபாவளிக்குத் தேனிக்கு ஒரு தடவை. இந்தச் சம்பந்தம் முடிந்தால் என் பஸ், என் எழுத்து, என் சண்டைக்கார அனானிகள் எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட வேண்டியதுதான்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று இப்போது கேட்பது சுலபம். எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லலாம். பெண்ணைப் பெற்றவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு யோசிக்காமல் இருந்துவிடலாம். பெண் மட்டும் காபித் தட்டோடு வந்து குனிந்த தலையோடு போக வேண்டும். அதனால் வேண்டாம் என்பது அந்தப் பக்கத்திலிருந்து வந்தால்தான் எனக்குப் பிழைப்பு.

அதற்கும் வழி இருந்தது. சம்பந்தம் முடிக்கும் முன்னால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் வந்து பெண்ணைப் பற்றி ரகசியமாக விசாரிப்பார். ரகசியம் என்பது அவர் நினைப்பு. சலவை வேட்டி கட்டிய புது ஆள் ஒருவர் டீக்கடையில் இரண்டாவது டீ சொன்னாலே தெருவில் பாதி வீடு உஷாராகிவிடும். விசாரிக்க வருகிறவர் காதில் 'ஊர் சுத்துறா' என்று ஒரே ஒரு வார்த்தை விழுந்தால் போதும், கம்பம் தன்பாட்டுக்கு விலகிவிடும். ஆனால் அதே மூச்சில் கம்ப்யூட்டர் கம்பெனி என்று ஒன்று கிடையாது என்பதும் தெரிந்துவிடும். பொண்ணு ஊர் சுத்துறா என்பதை மன்னித்தாலும் மன்னிப்பார்கள், பெத்தவன் பொய் சொன்னான் என்பது பஜார் முழுக்க நாறும். நான் தப்பிக்கவும் வேண்டும், அப்பா மாட்டவும் கூடாது. ரெண்டும் சேர்ந்து எப்படி நடக்கும் என்று எனக்குப் பிடிபடவில்லை.

அந்த வாரம் ஒருநாள் கம்பத்தைத் தாண்டி லோயர் கேம்ப் போயிருந்தேன். பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து ராட்சசக் குழாய்களில் இறங்கி வருவதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். வந்து குழாயை அண்ணாந்து பார்த்துவிட்டு, "தண்ணி எங்கங்க?" என்று கேட்பார்கள். அவர்களைப் பற்றி எழுதத்தான் போனேன். திரும்பும் பஸ்ஸில் தலை முழுக்கப் புழுதி, சுடிதாரில் வாழைக்கறை, கேமராவை மஞ்சப்பைக்குள் போட்டு மடியில் வைத்திருந்தேன். கம்பத்தில் ஒரு பெரியவர் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். சலவை வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் தோல் பை. வண்டி நகர்ந்ததும் காலை வழியில் நீட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆத்தா, நீ தேனிக்கா?"

"ஆமாங்க."

"தேனில கம்ப்யூட்டர் கம்பெனி எங்கன இருக்கு?"

"எந்தக் கம்பெனிங்க?"

"பேரு தெரியல. கம்பம் ரோட்டுல பம்புசெட் சாமான் கடைக்காரர் இருக்காருல்ல, அவரு மக அதுல வேலை பாக்குதாம். எங்க அக்கா மகனுக்குப் பேசிக்கிட்டு இருக்கோம். அதான் ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன். விசாரிக்கக் கிளம்பிய மனுஷன் டீக்கடை வரைக்கும் பொறுக்க முடியாமல் பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டார். அதுவும் பெண்ணிடமே. சாமி வலிய வந்து வரம் கொடுக்கிறது என்று நினைத்தேன். கம்பெனியைத் தொடாமல் பெண்ணை மட்டும் நாறடித்துவிட்டால் காரியம் முடிந்தது.

"கம்பெனியெல்லாம் இருக்குங்க. ஆனா அந்தப் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி," என்றேன்.

"எங்க அக்காகிட்டப் பொழைக்கணும்னா வாய் வேணும் ஆத்தா. மொத மருமக ஊமை மாதிரி. பாவம், படாத பாடு படுது."

"சமைக்கத் தெரியாது."

"அக்கா அடுப்படிக்குள்ள யாரையும் விடாது."

"சுருக்குனு கோவம் வருமாம்."

"எங்க வீட்டுல யாருக்குத்தான் வராது?"

அனுமந்தன்பட்டி வந்து போனது. என்னிடம் இருந்த கெட்ட குணமெல்லாம் தீர்ந்துகொண்டு வந்தது. இல்லாததையும் இரண்டு மூன்று சேர்த்துப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் அந்தக் குடும்பத்தில் அதற்கு ஒரு ஆள் இருந்தது. மனுஷன் முகம் மலர்ந்துகொண்டே போகிறது. இப்படியே விட்டால் தேனி போய்ச் சேர்வதற்குள் தாலிக்கே சொல்லிவிடுவார் போல. வேறு வழியில்லாமல் கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"ஊர் சுத்துவா."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. "எங்கன?"

"எங்கனன்னு இல்ல. பஸ்ஸுக்கு பஸ்ஸு மாறி ஏறுவா."

"எதுக்கு?"

இங்கேதான் என் கூறுகெட்ட வாய் என்னை மாட்டிவிட்டது. சும்மா என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். "எழுதுறதுக்கு," என்றேன்.

"ஊரப் பத்தி என்னத்த எழுதுறது? அங்கன இருக்கவனுக்குத் தெரியாததையா இவ மெனக்கெட்டு வந்து எழுதப் போறா?"

சுர்ரென்று ஏறியது எனக்கு. என்னைப் பெண்ணாக எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும், எழுத்தைத் தொட்டால் எனக்கு ஆகாது. "இப்பத் தாண்டி வந்தோமே அனுமந்தன்பட்டி, பஸ்ஸு நின்னுச்சே, வலது பக்கம் என்ன இருந்துச்சு, சொல்லுங்க பாப்போம்," என்றேன்.

"எங்க சின்ன மாமியா வீடு."

"அது இல்லங்க."

"ஏன், இல்லயா? போன மாசம்கூட அங்கன சாப்புட்டேன்."

அதற்குமேல் அவரோடு எப்படிச் சண்டை போடுவது? வண்டி சின்னமனூரில் நின்றபோது கண்டக்டர் பின்னாலிருந்து டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தார். அவருடைய பஸ்ஸின் ஹாரனைப் பற்றி நான் ஒரு பதிவு எழுதியிருந்தேன். யாரோ அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததிலிருந்து எனக்கு அந்த வண்டியில் ராஜ மரியாதை. "என்ன எழுத்தாளரக்கா, இன்னிக்கு எங்கன சுத்திட்டு வாரீக? அப்பா கடை முன்னாடியே நிறுத்தச் சொல்லவா? பம்புசெட் வாங்குற மாதிரி யாரும் இருந்தா நானே கூட்டிட்டு வாரேன்," என்று சிரித்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தலைப் புழுதி, வாழைக்கறை, மஞ்சப்பை என்று ஒன்று விடாமல் பார்த்தார்.

"அப்ப கம்ப்யூட்டரு?"

"இருக்குங்க. பிரவுசிங் சென்டர்ல. வாடகைக்கு."

"ம்," என்றார். சீலையம்பட்டி, வீரபாண்டி எல்லாம் தாண்டியும் அந்த 'ம்' தீரவில்லை. தேனியில் இறங்கி ஒரு டீ குடித்தார். அடுத்த கம்பம் வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது, கடை வாசலுக்கு வரும்வரை. உள்ளே அப்பா யாரோ ஒரு தோட்டக்காரரிடம், "பெரிய கம்பெனி. ஏசி ரூமு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். எரிச்சலாக வந்தது. பாவமாகவும் இருந்தது. என் அப்பா பெண்ணை நினைத்துப் பெருமைப்பட ஆசைப்படுகிறார், பெருமைப்பட என்னிடம் ஒன்றும் இல்லை என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். அது எனக்கு வலித்தது. பஸ்ஸில் நடந்ததை வீட்டில் சொல்லவில்லை. கம்பத்திலிருந்து போன் வரும், வேண்டாம் என்பார்கள், ஏன் என்பதையும் சொல்வார்கள், அப்பா கூனிக் குறுகிப் போவார் என்று ஒவ்வொரு போன் மணிக்கும் பயந்துகொண்டிருந்தேன்.

போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளே வந்தார்கள். பெரியவர், அவருடைய அக்கா, அக்கா வீட்டுக்காரர். கூடை நிறைய சொந்தத் தோட்டத்துத் திராட்சை. அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"எந் தம்பி நேர்ல வந்து விசாரிச்சுட்டுத்தான் போனான்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "தங்கமான பொண்ணு, பெரிய கம்பெனின்னு வந்து சொன்னான். எங்களுக்குத் திருப்திண்ணே. பூ வைக்க நாள் பாத்துருவோம்."

அப்பா முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். தன் பொய்யை யாரோ ஒருவர் நேரில் போய்ச் சரிபார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஒருவேளை நிஜமாகவே கம்பெனி இருக்கிறதோ என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்கும். நான் காபித் தட்டோடு பெரியவர் முன்னால் குனிந்தேன். இந்த மனுஷன் ஏன் பொய் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

"பயப்படாத ஆத்தா. நான் வாயத் தொறக்கல. இந்தச் சுத்தலெல்லாம் கழுத்துல ஒண்ணு ஏறுனா தன்னால நின்னுரும்."

ரகசியமாகத்தான் சொன்னார். ஆனால் வாழ்நாள் முழுக்கத் தோட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பேசிப் பழகிய தொண்டை. கூடம் முழுக்கக் கேட்டது.

"என்ன சுத்தலு?" என்றார் அவருடைய அக்கா.

பெரியவர் காபியை ஊதினார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். ஆனால் நின்னுரும் என்று அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாரே, ஓடுகிற மோட்டாரின் சுவிட்சை அணைக்கிற மாதிரி, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நிக்காதுங்க," என்றேன்.

அம்மா பின்னாலிருந்து என் இடுப்பில் கிள்ளினாள். தட்டு ஆடியது, வாய் மூடவில்லை. "கல்யாணம் ஆனாலும் நிக்காது."

"என்னண்ணே சொல்லுது பொண்ணு?" மாப்பிள்ளையின் அம்மா என்னை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். "கம்ப்யூட்டர்ல இருக்குன்னுதான சொன்னீக?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அளவு சேராத வாஷரைக்கூட இதுதான் சரியான வாஷர் என்று விவசாயம் பார்க்கிற சம்சாரியை நம்பவைத்து அனுப்பக்கூடிய மனுஷர் அவர். சின்னப் பிள்ளை, விளையாட்டாகச் சொல்கிறது என்று ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும். பொய்க்குச் சாட்சி சொல்ல ஒரு பெரிய மனுஷர் வேறு தயாராக உட்கார்ந்திருக்கிறார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்தார்.

"கம்பெனியெல்லாம் இல்லம்மா," என்றார். "நானாத்தான் சொன்னேன். புள்ள ஊர் சுத்துது. சுத்திட்டு வந்து எழுதுது. அதான் அதுக்குச் சோலி."

"கல்யாணத்துக்கு அப்புறம்?"

"நிக்காதுன்னு அதுவே சொல்லுதே. நின்னுரும்னு நான் சொன்னா, அதுவும் இந்தக் கம்ப்யூட்டர் மாதிரிதாம்மா."

அந்த அம்மா எழுந்தார். திராட்சைக் கூடையை மறக்காமல் எடுத்துக்கொண்டார். அதில் எனக்கு அவரைப் பிடித்திருந்தது, நானாக இருந்தாலும் எடுத்துக்கொண்டுதான் போயிருப்பேன். பெரியவர் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டே தயங்கினார்.

"ஆத்தா, அந்த அனுமந்தன்பட்டியில வலது பக்கம் என்னதான் இருக்கு? அன்னியிலருந்து மண்டைக்குள்ள கொடையுது."

"ஒரு செவருங்க. 'இங்கு விளம்பரம் செய்யாதீர்'னு எழுதியிருக்கும். எழுத்து அவ்வளவு பெருசு, விளம்பரம் பண்றதுக்கு எடமே மிச்சம் இல்ல."

பெரியவர் யோசித்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார். "அது எங்க சின்ன மாமியா வீட்டுச் செவருதான்," என்றார். சிரித்துக்கொண்டே அக்காவுக்குப் பின்னால் ஓடினார்.

அம்மா வாரக்கணக்கில் பாத்திரங்களோடு மட்டும் பேசினாள். எனக்கு வந்த சாப்பாட்டில் உப்பு இருந்தால் காரம் இருக்காது, காரம் இருந்தால் உப்பு இருக்காது. அப்பாவும் நானும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நன்றி சொல்ல வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி கம்பம் பக்கம் போக வேண்டியிருந்தது. பஸ்ஸுக்கு முன்னால் கடையில் எட்டிப் பார்த்தேன். அப்பா ஒரு வாடிக்கையாளருக்குப் பழைய வாஷரை வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். மார்க்கையன்கோட்டைக்காரர், வயலுக்கு மோட்டார் ரிப்பேர். என்னைப் பார்த்துவிட்டு அவர் சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

"மகளா? என்ன பண்ணுது?"

அப்பா வாஷரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஊர் சுத்துது."

அந்த மனுஷர் சிரித்தார். மேற்கொண்டு அப்பா ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தார். "வேலைக்கு எதும் போகலயா?" என்று கேட்டார்.

"அதான் சொன்னேன்லய்யா," என்றார் அப்பா. வேறு வாஷர் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, என் மஞ்சப்பைக்குள் கேமராவுக்குப் பக்கத்தில் திணித்தார். "கம்பத்துல பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்க வெல்டிங் பட்டறையில குடுத்துரு. எப்படியும் அங்கனதான போற. உரக்கடைத் தெருப் பக்கம் மட்டும் போயிராத. வெரசா ஓடு, வண்டி நிக்கிது."